மீற்றரும் ஒரு தராசுதான்
பழைய மின்மானியை மாற்றுமுன் வர்த்தகர் அறிந்திருக்க வேண்டியவை

கடைத் தராசில் பிழை இருக்கிறதென்று தெரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால்தான் நாம் தராசுக்கும் படிக்கற்களுக்கும் அரச முத்திரை பெற்று வைத்திருக்கிறோம். ஆனால் மாதாமாதம் நாமே பணம் கொடுத்து வாங்கும் ஒரு சரக்கை நிறுக்கும் தராசை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடைச் சுவரின் மூலையில் ஒட்டடை படிந்த பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் மின்சார மீற்றர்தான் அந்தத் தராசு.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் பேசும்போது, "கரண்ட் கம்பனியை மாற்றிவிட்டோம், பில் குறைந்துவிட்டது" என்று சொல்வதுண்டு. அது உண்மைதான். பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டளவில் எல்லா வீடுகளுக்கும் தமக்கு விருப்பமான மின் நிறுவனத்தைத் தெரிவு செய்யும் உரிமை கிடைத்தது. இந்தியாவின் மும்பையிலும் 2008 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பின்னர் பலர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினர். கம்பி பழைய நிறுவனத்துடையதாகவே இருக்க, பட்டியல் மட்டும் புதிய நிறுவனத்துக்குப் போனது. அங்கும் மீற்றரில் சிக்கல் வராமல் இல்லை. பிரித்தானியாவில் பொருத்தப்பட்ட முதலாம் தலைமுறை ஸ்மார்ட் மீற்றர்கள் பல, நிறுவனம் மாறியதும் செய்தி அனுப்ப முடியாமல் ஊமையாகிவிட்டன.

சாவகச்சேரியில் கண்டி வீதிக் கடைக்காரருக்கோ கொடிகாமத்து ஆலைக்காரருக்கோ அந்தத் தெரிவு கிடையாது. நம் வாசலுக்கு ஒரே கம்பிதான் வருகிறது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2025 இல் வந்த அதன் திருத்தமும் மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழி செய்தன. எனினும் பெயர்ப்பலகை மாறுவது வேறு, விற்பனையாளரைத் தெரிவு செய்யும் உரிமை வேறு.

அப்படியானால் நம் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. விற்பனையாளரை மாற்ற முடியாவிட்டாலும் மீற்றரை மாற்றலாம். மீற்றரை மாற்றுவதன் மூலம் நாம் எந்த விலையில் வாங்குகிறோம் என்பதையும், நாமே விற்பவராகலாமா என்பதையும் மாற்றலாம்.

பழைய மீற்றர் எப்படி நிறுக்கிறது?

உள்ளே அலுமினியத் தட்டு சுற்றும் மீற்றர்களே நம்மிடையே நெடுங்காலம் இருந்தவை. அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று மின்னழுத்தத்துக்கும் மற்றது ஓடும் மின்னோட்டத்துக்கும் உரியது. இரண்டும் சேர்ந்து தட்டைச் சுழற்றுகின்றன. ஒரு காந்தம் தட்டைப் பிடித்து நிதானப்படுத்துகிறது. பாவனை கூடினால் தட்டு வேகமாகச் சுற்றும். அந்தச் சுற்றுகளைப் பற்சக்கரங்கள் அலகாக எண்ணுகின்றன. ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம், அதாவது 1000 வாற்றுச் சாதனம் ஒரு மணி நேரம் ஓடுவது.

ஓர் அலகுக்கு எத்தனை சுற்று என்பது மீற்றரின் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். 600 என்று எழுதியிருந்தால் 600 சுற்றுக்கு ஓர் அலகு. புதிய இலத்திரனியல் மீற்றரில் தட்டு இல்லை. சிவப்பு விளக்கு ஒன்று மின்னும். 1600 என்று எழுதியிருந்தால் 1600 மின்னலுக்கு ஓர் அலகு.

இதை வைத்து யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே சோதிக்கலாம். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தட்டு ஒரு முழுச் சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்து சுற்றினால் மீற்றரில் பிழை இருக்கலாம், அல்லது மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே எங்கோ மின் எடுக்கப்படலாம். அடுத்து மெயினைப் போட்டு, கடையிலுள்ள சாதனங்களை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். எல்லாம் நின்ற பிறகும் தட்டு சுற்றினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது நீங்கள் மறந்துபோன ஒரு சாதனம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக 100 வாற்று இழைக் குமிழ்கள் இரண்டை மட்டும் அரை மணி நேரம் எரியவிடுங்கள். அதற்கு 0.1 அலகு செல்லும். 600 என்று எழுதிய மீற்றராயின் தட்டு ஏறத்தாழ 60 தடவை சுற்ற வேண்டும். 1600 என்று எழுதிய மீற்றராயின் விளக்கு 160 தடவை மின்ன வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் சிறு வித்தியாசம் இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 60 வரவேண்டிய இடத்தில் 80 வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சோதனைக்கு இஸ்திரிப் பெட்டி சரிவராது. சூடேறியதும் அது தானாகவே நின்று நின்று ஓடும்.

சந்தேகம் இருந்தால் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்து மூலம் மீற்றர் பரிசோதனை கேளுங்கள். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். எந்தக் காரணத்தைக் கொண்டும் மீற்றரின் ஈய முத்திரையைத் தொட வேண்டாம். மீற்றர் உங்கள் சுவரில் இருந்தாலும் அது உங்களுடைய சொத்து அல்ல. முத்திரை உடைந்திருந்தால் உங்கள் நியாயமான முறைப்பாடும் குற்றச்சாட்டாக உங்கள் மீதே திரும்பிவிடும்.

முதலில் பெயரைப் பாருங்கள்

மீற்றர் நல்லதோ கெட்டதோ, அதை மாற்ற விண்ணப்பிக்குமுன் மின்பட்டியலை எடுத்து அதிலுள்ள பெயரை வாசியுங்கள். நம்மவர்களுக்கு இது சாதாரண விடயமல்ல. 1990 ஒக்டோபரில் சாவகச்சேரியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பெருந்தொகையானோர் புத்தளத்தில் தங்க நேர்ந்தது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே இடிந்து போனது. 2009 இன் பின்னர் திரும்பி வந்து கடையைத் திறந்த சிலரின் இணைப்பு இன்றும் மர்ஹூமான வாப்பாவின் பெயரில் இருக்கலாம், அல்லது வெளிநாட்டிலுள்ள காணிச் சொந்தக்காரரின் பெயரில் இருக்கலாம்.

பட்டியலைக் கட்டிக்கொண்டிருக்கும் வரை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் திறீ பேஸ் கேட்கும்போதும் கூரைமேல் சோலர் பொருத்தும்போதும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியவர் கணக்கின் சொந்தக்காரர். சோலரில் மிஞ்சும் மின்சாரத்துக்குரிய பணமும் அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும். காலமானவர் கையொப்பமிட முடியாது. அவர் பெயருக்குப் பணம் வந்தாலும் எடுக்க முடியாது.

ஆகவே பெயர் மாற்றத்தை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். காணி உறுதி, மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் போன்றவை தேவைப்படலாம். பழைய நிலுவை இருந்தால் அதையும் தீர்க்க வேண்டியிருக்கும். பாகம் பிரிக்கப்படாத காணியாக இருந்தால் வாரிசுகள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள். வெளிநாட்டிலோ புத்தளத்திலோ இருக்கும் சகோதரர் அற்றோணித் தத்துவம் தந்தால் அலைச்சல் குறையும். சோலர் ஒப்பந்தம் 20 வருடம் நிற்கும் ஒன்று. இன்று வாய்ப்பேச்சில் விட்டது 20 வருடத்துக்குள் குடும்பத்தில் வழக்காகிவிடக் கூடாது. வாடகைக் கடைக்காரருக்கும் இதுவே பொருந்தும். உரிமையாளரின் எழுத்து மூல சம்மதமின்றிப் பிறர் கூரையில் உங்கள் முதலை ஏற்ற வேண்டாம்.

எந்த வகுப்பில் வாங்குகிறீர்கள்?

ஒரே கம்பியில் வரும் மின்சாரத்துக்கு வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு இன்னொரு விலை, தொழிற்சாலைக்கு வேறொரு விலை. வீட்டுப் பாவனை படிப்படியாக ஏறும் விலையில் கணக்கிடப்படுகிறது. மாதம் 60, 90, 120, 180 அலகு என்று எல்லைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் அலகு விலை மட்டுமல்ல, நிலையான கட்டணமும் கூடும். கடைகள் பொதுத் தேவை என்ற வகுப்பில் வரும். பொருளை அரைத்து, அறுத்து, உருவாக்கும் தொழில் கைத்தொழில் வகுப்பில் வரும். கைத்தொழிலுக்கு விலை குறைவு.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று ஒரே மீற்றரில் ஓடும் கட்டிடங்களில்தான் நட்டம் அதிகம். கடையின் டீப் பிறீசர் வீட்டின் அலகை மேலே தள்ளிவிடும். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்துவது விதிமுறைக்கும் புறம்பானது. இரண்டு மீற்றர் எடுத்துப் பிரித்துவிட்டால் கணக்குத் தெளிவாக இருக்கும். மாவரைக்கும் ஆலை வைத்திருந்து பொதுத் தேவை விலையில் கட்டிக்கொண்டிருப்பவர், வகுப்பு மாற்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கேளாமல் எவரும் மாற்றித் தரமாட்டார்கள்.

நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையும் உண்டு. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், அதன் பின் காலை 5.30 வரை உச்சமற்ற நேரம். உச்ச நேரத்தில் விலை மிக அதிகம், பின்னிரவில் மிகக் குறைவு. பெரிய இணைப்புகளுக்கு இது கட்டாயம். வீட்டுப் பாவனையில் திறீ பேஸ் 30 அம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புள்ளோர் விரும்பினால் தெரிவு செய்யலாம். பழைய தட்டு மீற்றருக்கு மணி தெரியாது. ஆகையால் இந்த முறைக்குப் போக மீற்றர் மாற வேண்டும். சாமத்தில் அடுப்பேற்றும் தொழிலுக்கு இது இலாபம் தரும். இரவு 7 மணிக்குச் சூடுபிடிக்கும் சாப்பாட்டுக் கடைக்கு இதனால் நட்டமே வரும்.

வாங்குபவர் விற்பவராகும்போது

குடாநாட்டு மக்களுக்கு மின்சாரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில் தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தோம். பின்னர் சுன்னாகத்து எண்ணெய் இயந்திரங்களில் தங்கியிருந்தோம். 2013 இல்தான் கிளிநொச்சி வழியாக வந்த உயர் அழுத்தக் கம்பி சுன்னாகத்தைத் தொட்டது. மின்சாரம் வந்தது, ஆனால் விலை நம் கையில் இல்லை. ஒன்பது வருடம் கூடாமலிருந்த கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூடியது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது, அதே வருடம் ஜூனில் 15 சதவீதம் கூடியது. இப்படி ஏறி இறங்கும் செலவை வைத்து எந்த வர்த்தகரும் விலை போட முடியாது. கூரையைப் பலர் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது இதனால்தான்.

சோலர் பொருத்தினால் தராசுக்கு இரண்டு தட்டு வேண்டும். ஒன்று நாம் எடுப்பதை நிறுக்க, மற்றது நாம் கொடுப்பதை நிறுக்க. பழைய மீற்றருக்கு ஒரு தட்டுத்தான். வெளியே போகும் மின்சாரத்தைச் சில மீற்றர்கள் எண்ணாது. சில இலத்திரனியல் மீற்றர்களோ வெளியே போவதையும் உள்ளே வந்ததாகவே எண்ணிவிடும். நீங்கள் கொடுத்த சரக்குக்கு நீங்களே பணம் கட்டுவீர்கள். எனவே இருவழி மீற்றர் பொருத்தப்படும் வரை, "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று எவர் சொன்னாலும் சோலரை இயக்க வேண்டாம். அனுமதியின்றி இயக்குவது சட்ட விரோதம். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து.

நெட் மீற்றரிங் முறை இலங்கையில் 2010 இல் தொடங்கியது. 2016 செப்டெம்பரில் சூரிய பல சங்கிராமய திட்டத்துடன் மேலும் இரண்டு முறைகள் சேர்ந்தன. மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நெட் மீற்றரிங்கில் பணம் கைமாறாது. மிஞ்சிய அலகு அடுத்த மாதக் கணக்கில் வரவு வைக்கப்படும்.

நெட் எக்கவுண்டிங்கில் உங்கள் பாவனை போக மிஞ்சியதற்குப் பணம் கிடைக்கும்.

நெட் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதையும் விற்கிறீர்கள். உங்கள் பாவனைக்கு வழமைபோல் தனியாகப் பட்டியல் கட்டுகிறீர்கள்.

எது நல்லது? வர்த்தகருக்குத் தெரிந்த கணக்குத்தான். நீங்கள் வாங்கும் விலை விற்கும் விலையைவிட அதிகமென்றால், உங்கள் சரக்கை நீங்களே பாவிப்பதே இலாபம். விற்கும் விலை அதிகமென்றால் விற்பதே இலாபம். விற்கும் விலையோ ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2016 இல் அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பின்னர் 15.50 ரூபா என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2022 இல் சிறிய கூரைகளுக்கு அது 37 ரூபாவாக ஏறியது. 2024 இல் 27 ரூபாவாகவும், 2025 இல் மிகச் சிறிய கூரைகளுக்கே 21 ரூபாவுக்குச் சற்றுக் கீழாகவும் இறங்கியது. கூரை பெரிதாக ஆக விலை இன்னும் குறைவு. பக்கத்துக் கடைக்காரர் 37 ரூபா பெறுகிறார் என்பதற்காக உங்களுக்கும் அது கிடைக்காது. கையொப்பமிடும் நாளில் உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பாருங்கள். விற்பனை முகவர் காட்டும் பழைய தாளை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இன்றைய நிலையில், பகலில் குளிரூட்டியும் பிறீசரும் ஓடி, அலகுக்கு அதைவிட அதிகம் கட்டும் கடைக்காரருக்குத் தன் தேவைக்கேற்ற அளவில் சோலர் பொருத்துவதே பாதுகாப்பு. விற்றுச் சம்பாதிக்கலாம் என்று தேவைக்கு மேல் பெரிதாகப் போடுவது ஒரு துணிகர முதலீடு. 1 கிலோவாற்று சோலரில் நல்ல வெயிற் காலத்தில் மாதம் 110 முதல் 120 அலகு வரை எதிர்பார்க்கலாம். மாரி மாதங்களில் அது குறையும். தென்மராட்சியின் தென்னையும் மாவும் பலாவும் பிற்பகலில் நிழல் விழுத்தும் கூரையில் இன்னும் குறையும்.

மீற்றர் மாற்றும் நாளும் அதற்குப் பிறகும்

விண்ணப்பித்ததும் உங்கள் பகுதி ட்ரான்ஸ்போமரில் இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடமில்லையென்றால் காத்திருக்க நேரும். அந்த அனுமதி எழுத்தில் கிடைக்குமுன் சோலர் கம்பனிக்கு முழுப் பணமும் கொடுக்க வேண்டாம். சோலரின் அளவு உங்கள் இணைப்பின் ஒப்பந்த அளவைத் தாண்டவும் முடியாது. சிங்கிள் பேஸ் இணைப்பில் பெரிய தொகுதி கேட்பவர் முதலில் திறீ பேஸ் எடுக்க வேண்டிவரும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பழைய மீற்றரைக் கழற்றும் நாளில் அருகில் நில்லுங்கள். அதன் கடைசி இலக்கத்தையும் மீற்றர் எண்ணையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். புதியதன் தொடக்க இலக்கத்தையும் அவ்வாறே எடுங்கள். இறுதிப் பட்டியலில் பிணக்கு வந்தால் அந்தப் படம்தான் உங்கள் சாட்சி.

இருவழி மீற்றரின் திரையில் இலக்கங்கள் மாறி மாறி வரும். 1.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் எடுத்த அலகு, 2.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் கொடுத்த அலகு. உதாரணமாக, ஒரு மாதம் இன்வேர்ட்டர் 450 அலகு உற்பத்தி காட்டுகிறது, மீற்றர் 300 அலகு கொடுத்ததாகக் காட்டுகிறது. 150 அலகு களவு போகவில்லை. பகலில் உங்கள் கடையே அதைப் பாவித்துவிட்டது. அதே மாதம் 380 அலகு எடுத்திருந்தால், நெட் மீற்றரிங்கில் 80 அலகுக்கே கட்டணம். இந்த மூன்று இலக்கத்தையும் மாதம் ஒருமுறை கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வந்தால் பிழை அதே மாதத்தில் தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். மின்கலம் இல்லாத சோலர், மின்சாரம் தடைப்பட்டால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது கூரையில் வெயில் எரித்தும் பல கடைகளின் பிறீசர் ஓடவில்லை. அதே வருடச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்து உற்பத்தி கூடியதால், பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. மின்தடைக்குப் பரிகாரம் தேடுபவர் மின்கலத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

முதலைத் தவணையில் திரட்டுவோர், மாதத் தவணை சிறிதாகத் தெரிகிறதா என்று பார்ப்பதைவிட முழுக் காலத்துக்கும் கொடுக்கும் மொத்தத் தொகையைப் பாருங்கள். முராபஹா முறையில் எடுத்தாலும் ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக் கேளுங்கள். மொத்தச் செலவை மாதச் சேமிப்பால் வகுத்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தெரியும். இன்வேர்ட்டரின் உத்தரவாதம் முடியுமுன் முதல் திரும்பாவிட்டால் அளவைக் குறைத்து மீண்டும் கணக்குப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் முதற்படி செலவில்லாதது. இந்த மாதப் பட்டியலை எடுத்து அதிலுள்ள பெயர், வகுப்பு, அலகு ஆகிய மூன்றையும் வாசியுங்கள். பிறகு மீற்றர் பெட்டியின் ஒட்டடையைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பது தட்டா திரையா என்று பாருங்கள். பெயர் பிழையென்றால் அதைத் திருத்துங்கள். வகுப்புப் பிழையென்றால் விண்ணப்பியுங்கள். மீற்றர் பிழையென்றால் சோதிக்கக் கேளுங்கள். இம்மூன்றும் சரியான பிறகு சோலர் முகவரைக் கடைக்குள் அழைத்தால் போதும்.